பயிர்ப் பாதுகாப்பு ஆய்வு மாணவர்களுக்கான நினைவு உதவித்தொகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயிர்ப் பாதுகாப்பில் வாழ்நாள் முழுக்க உழைத்த ஒரு பேராசிரியரோ வயல் ஆய்வாளரோ காலமானால், அவர் பெயரில் முதுநிலை மாணவர்களுக்கும் முனைவர் பட்ட மாணவர்களுக்கும் உதவித்தொகை தொடங்குவது இந்தத் துறையில் நெடுநாள் பழக்கம். அப்படி ஒரு உதவித்தொகைக்கு வந்த விண்ணப்பங்களைப் படித்துத் தேர்வு செய்யும் குழுவில் சில ஆண்டுகள் இருந்தேன். மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒவ்வொரு உதவித்தொகைக்கும் தனி விதிகள் உண்டு. தகுதி, தேதி, தொகை எல்லாவற்றிலும் அதன் அறிவிப்பு சொல்வதே இறுதி. அறிவிப்பைப் படித்து முடித்த பிறகும் மனதில் நிற்கிற சந்தேகங்களுக்குத்தான் இந்தப் பதில்கள்.

நினைவு உதவித்தொகைக்கும் மற்ற உதவித்தொகைக்கும் என்ன வேறுபாடு?

அரசு நிதியும் பல்கலைக்கழக நிதியும் துறையின் தேவையைப் பார்த்து ஒதுக்கப்படுகின்றன. நினைவு உதவித்தொகை ஒரு மனிதரின் வேலையிலிருந்து பிறக்கிறது. நூற்புழுக்களை (பயிரின் வேர் போன்றவற்றைத் தாக்கும் நூல் போன்ற நுண்புழுக்கள்) ஆராய்ந்தவர் பெயரில் இருந்தால் நூற்புழு ஆய்வுக்கு முன்னுரிமை இருக்கலாம். வயல்வெளியில் களைகளோடு போராடியவர் பெயரில் இருந்தால் வயல் சோதனை கட்டாயம் என்று விதி இருக்கலாம். அந்த விதிகளை வெறும் நிபந்தனையாகப் படிக்காதீர்கள். அந்த மனிதர் எதை முக்கியம் என்று நினைத்தாரோ அது அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

காலம் கடந்தும் இது நிற்கும் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அமெரிக்கப் பூச்சியியல் சங்கம் பட்ட மேற்படிப்பு மாணவர்களுக்குத் தரும் ஒரு விருது ஜான் ஹென்றி காம்ஸ்டாக் பெயரில் இருக்கிறது. அவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் துறையை வளர்த்தவர், 1931-இல் காலமானார். அவரைப் பார்த்தே இராத மாணவர்கள் இன்றும் அவர் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்து எழுதுகிறார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது? ஏன் சில ஆண்டுகள் ஒருவருக்கு மட்டும் கொடுக்கிறார்கள்?

பெரும்பாலும் குடும்பத்தார், பழைய மாணவர்கள், கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து திரட்டிய பணம். அதை ஓர் அறக்கட்டளையிலோ பல்கலைக்கழகத்திலோ வைப்புநிதியாகப் போட்டு வைப்பார்கள். அசலைத் தொடுவதில்லை. வருவாயில் ஒரு பகுதியைத்தான் செலவிடுவார்கள். நிதியின் மதிப்பில் ஆண்டுக்கு நான்கைந்து சதவீதம் எடுப்பது பல இடங்களில் நடைமுறை. அதாவது நூறு பங்கு சேர்த்தால் ஆண்டுக்கு நான்கைந்து பங்குதான் மாணவருக்குப் போகும். வருவாய் குறைந்த ஆண்டில் ஒருவருக்குக் கொடுப்பதே பெரிய விஷயமாகிவிடும்.

பயிர்ப் பாதுகாப்பு என்றால் பூச்சி ஆராய்ச்சி மட்டும்தானா?

இல்லை. பூச்சி, சிலந்திப்பேன், நூற்புழு, பூஞ்சை, பாக்டீரியா, வைரஸ், களை, எலி, பறவை என்று பயிரைக் கெடுக்கும் எதுவும் இதற்குள் வரும். அறுவடைக்குப் பின் சேமிப்பில் தானியத்தைத் துளைக்கும் வண்டும் வரும். பூச்சிகளாலும் நோய்களாலும் உலகப் பயிர் விளைச்சலில் ஆண்டுதோறும் 40 சதவீதம் வரை இழப்பதாக ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு சொல்கிறது. இத்தனை பெரிய இழப்பை ஒரே ஒரு துறை பார்த்துக்கொள்ள முடியாது.

மாணவர்கள் தயங்கி நிற்கும் இடம் வகைப்பாட்டியல். “நான் பூச்சிகளை இனம் பிரித்து அடையாளம் காண்கிறேன், அவ்வளவுதான், இது பாதுகாப்பில் சேருமா?” என்று கேட்பார்கள். அவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது மரவள்ளி மாவுப்பூச்சியின் கதை.

தென் அமெரிக்காவிலிருந்து 1970களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்த பூச்சி இது. கோடிக்கணக்கான மக்கள் நம்பியிருந்த மரவள்ளியை நாடு நாடாகக் காலி செய்துகொண்டு போனது. சொந்த மண்ணில் அதை அடக்கி வைக்கும் எதிரி எது என்று தேடிப் போனார்கள். தென் அமெரிக்காவின் வடபகுதியில் மரவள்ளியில் அச்சு அசலாக அதே போல ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதன் ஒட்டுண்ணிகளைக் கொண்டுவந்து பார்த்தார்கள். ஆப்பிரிக்கப் பூச்சியிடம் அவை எடுபடவில்லை. உற்றுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வடபகுதிப் பூச்சியில் ஆண் உண்டு. ஆப்பிரிக்காவை அழித்த பூச்சியில் பெண் மட்டும்தான், ஆணில்லாமலேயே பெருகும். இரண்டும் வேறு வேறு இனம். தேடலைத் தெற்கே திருப்பினார்கள். 1981-இல் பராகுவேயில் சரியான பூச்சி கிடைத்தது. அதைத் தாக்கும் சின்னஞ்சிறு குளவியை அதே ஆண்டு நைஜீரியாவில் விட ஆரம்பித்தார்கள். பிறகு அது பல நாடுகளுக்குப் பரவி மாவுப்பூச்சியை அடக்கியது. அந்த முயற்சியை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

இனம் பிரிக்கத் தெரிந்தவர் இல்லையென்றால் அந்தக் குளவியை யாரும் தேடிப் போயிருக்க மாட்டார்கள். ஆகவே தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

என் வேலை முழுக்க ஆய்வகத்தில்தான், அல்லது கணினியில்தான். வயலுக்கே போவதில்லை. தகுதி உண்டா?

அறிவிப்பில் வயல் சோதனை கட்டாயம் என்று இல்லாதவரை உண்டு. 1940களில் அமெரிக்கத் தாவர நோயியலாளர் ஹெரால்டு ஃப்ளோர் ஆளிச் செடி ரகங்களைத் தமக்குள்ளும், அதன் துரு நோய்ப் பூஞ்சையின் வகைகளைத் தமக்குள்ளும் கலப்பினம் செய்து, செடியின் ஒவ்வொரு எதிர்ப்பு மரபணுவுக்கும் நோய்க்கிருமியில் அதற்கு இணையான ஒரு மரபணு இருப்பதைக் கண்டார். நோய் எதிர்ப்பு ரகங்களை உருவாக்குகிறவர்களுக்கு இன்றும் அதுதான் அடிப்படைப் பாடம். அவர் கேள்வி பயிரிலிருந்து தொடங்கியது. உங்கள் மரபணு வரிசையோ கணினி மாதிரியோ எந்தப் பயிரின் எந்தச் சிக்கலிலிருந்து தொடங்கியது என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். குழுவில் உட்கார்ந்திருப்பவர் களையியல் படித்தவராக இருக்கலாம். உங்கள் புரதத்தின் பெயர் அவருக்குத் தெரியாது. நெற்பயிர் குலை நோயில் சாய்வது தெரியும்.

யாரெல்லாம் விண்ணப்பிக்கலாம்?

பொதுவாக முதுநிலை அல்லது முனைவர் பட்டப் படிப்பில் முறையாகப் பதிவு செய்தவர்கள். இடம் உறுதியான கடிதம் இருந்தால் போதும் என்று சில அறிவிப்புகள் சொல்லும். நாடு, வயது, படிப்பில் எத்தனையாவது ஆண்டு என்பதிலெல்லாம் கட்டுப்பாடு இருக்கலாம். ஒரு வரி சந்தேகமாக இருந்தால் மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள். கேட்டதற்காக யாரையும் குறைவாக எடை போட மாட்டார்கள்.

மறைந்தவரைப் புகழ்ந்து எழுத வேண்டுமா?

வேண்டாம். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பாதி விண்ணப்பங்கள் “மாபெரும் விஞ்ஞானியான அவருடைய அடிச்சுவட்டில்” என்று தொடங்கும். முதல் பக்கம் முழுக்க அதிலேயே கரைந்துவிடும். குழுவில் இருப்பவர்களில் சிலர் அவரோடு வேலை பார்த்தவர்கள், ஒரே வண்டியில் வயலுக்குப் போனவர்கள். இணையத்தில் படித்த வாழ்க்கைக் குறிப்பை அவர்களுக்கே திருப்பிச் சொல்வதில் பயன் இல்லை.

அதற்குப் பதில் ஒன்று செய்யுங்கள். அவருடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றைத் தேடி எடுத்து, முழுதாகப் படியுங்கள். ஒன்று போதும். அதில் அவர் விடை காணாமல் விட்ட கேள்வி ஏதாவது இருக்கும். உங்கள் வேலை அதைத் தொடுகிறது என்றால் இரண்டு வரியில் சொல்லுங்கள். தொடவில்லை என்றால் விட்டுவிடுங்கள். இல்லாத தொடர்பை இழுத்துக் கட்ட வேண்டாம்.

ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தார்: அவருடைய பழைய கட்டுரையில் ஓர் அட்டவணையின் கீழே, மழை பெய்த வாரத்தில் எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று தெரியவில்லை என ஒரு குறிப்பு இருக்கிறது, அந்த வாரத்தைத்தான் நான் ஆராய்கிறேன். அதைப் படித்ததும் எங்கள் குழுவில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. மறைந்தவரோடு சேர்ந்து அந்த வாரம் மழையில் நின்று எண்ணியவர் அவர்.

நோக்க அறிக்கையில் என்ன எழுதுவது?

எந்தப் பயிர், எந்தச் சிக்கல், இதுவரை என்ன தெரியும், எது தெரியாது, நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள், விடை கிடைத்தால் யார் எதை வேறு மாதிரி செய்வார்கள். இவ்வளவுதான். ஆனால் கடைசிக் கேள்வியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். “இந்த ஆய்வு நிலையான வேளாண்மைக்கு வழிவகுக்கும்” என்று முடித்துவிடுகிறார்கள். அது எந்த ஆய்வுக்கும் பொருந்தும், அதனால் எதற்கும் பொருந்தாது.

என் நினைவில் நிற்கும் ஒரு விண்ணப்பம் பசுமைக்குடில் தக்காளியைப் பற்றியது. அதன் தொடக்கம் ஏறக்குறைய இப்படி இருந்தது: காலையில் இலையைத் திருப்பினால் அடிப்பக்கத்தில் வெள்ளை ஈயின் குஞ்சுகள் செதில் போல அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் பத்தில் நான்கு கறுத்திருக்கின்றன. கறுத்தவற்றுக்குள் ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது. இந்த நிலையில் மருந்து தெளித்தால், கறுத்த நான்கில் எத்தனையிலிருந்து குளவி வெளியே வரும்?

அவ்வளவுதான் அவர் கேள்வி. அதைப் படித்ததும் அடுத்த பக்கத்தைத் திருப்பாமல் இருக்க முடியவில்லை. கறுத்த செதில்களின் எண்ணிக்கையைப் பார்த்துத் தெளிப்பதா பொறுப்பதா என்று பயிர் செய்கிறவர் முடிவெடுக்கலாம். விடை கிடைத்தால் யார் எதை மாற்றிச் செய்வார் என்பது கேள்விக்குள்ளேயே இருந்தது.

இந்த மாதிரி யோசனைக்குத் துறையில் ஒரு பெரிய வரலாறும் இருக்கிறது. 1959-இல் கலிபோர்னியாவில் ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் ஆகிய நால்வர், மருந்தையும் இயற்கை எதிரிகளையும் சேர்த்துப் பயன்படுத்தும் ஒருங்கிணைந்த கட்டுப்பாடு பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். பூச்சி கண்ணில் பட்டதும் தெளிக்காமல், சேதம் செலவை மிஞ்சும் அளவுக்குப் போகும் முன் தெளித்தால் போதும் என்ற பொருளாதார வரம்புநிலைக் கருத்து அதில்தான் தெளிவான வடிவம் பெற்றது. உங்கள் பயிரில் அந்த எண் என்ன, அது எப்போது யாரால் கணக்கிடப்பட்டது என்று தேடிப் பாருங்கள். பல பயிர்களில் பழைய எண்ணையே இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். நல்ல ஆய்வுக் கேள்விகள் அங்கே நிறையக் கிடைக்கும்.

மருந்துகளைப் பற்றிய ஆய்வு என்றால் குழுவுக்குப் பிடிக்காது என்கிறார்களே?

தவறான எண்ணம். மருந்தும் பயிர்ப் பாதுகாப்பின் கருவிதான். எந்த மருந்து எவ்வளவு கொல்கிறது என்பதோடு நின்றுவிட்டால்தான் விண்ணப்பம் மெலிந்து போகிறது. தெளிப்பு மருந்துக்குப் பூச்சிகள் எதிர்ப்புத் திறன் பெற முடியுமா என்று அமெரிக்கப் பூச்சியியலாளர் மெலாண்டர் கேட்டது 1914-இல், செதில் பூச்சியையும் சுண்ணாம்பு கந்தகக் கரைசலையும் வைத்து. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அதே கேள்வி புதிய மருந்துகளோடு திரும்பி வருகிறது. எதிர்ப்பு எப்படி உருவாகிறது, எப்படித் தள்ளிப்போடலாம், நன்மை செய்யும் பூச்சிகளுக்கு என்ன ஆகிறது, தெளிக்கிறவரின் தோலில் எவ்வளவு படுகிறது என்பவை எல்லாம் தேவையான ஆய்வுகள்.

ஒரு நிறுவனம் உங்கள் ஆய்வுக்கு மருந்தோ பணமோ கொடுத்திருந்தால் அதை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். எழுதினால் குறையில்லை. எழுதாமல் விட்டுப் பிறகு தெரியவந்தால்தான் சிக்கல்.

மதிப்பெண் குறைவாக இருக்கிறது. விண்ணப்பிக்கலாமா?

அறிவிப்பில் குறைந்தபட்ச மதிப்பெண் சொல்லியிருந்தால் அதை மீற முடியாது. சொல்லவில்லை என்றால் விண்ணப்பியுங்கள். ஒரு பருவத்தில் சறுக்கியதற்கு உடல்நலமோ குடும்பச் சூழலோ காரணமென்றால் இரண்டு வரியில் சொல்லலாம், அதற்கு மேல் வேண்டாம். அப்புறம், மதிப்பெண்ணில் தெரியாத திறமை இந்தத் துறையில் நிறைய உண்டு. நூறு செடிகளை ஒரே கவனத்தோடு எண்ணி, நூறாவது செடியிலும் முதல் செடியின் அளவுகோலையே வைத்திருப்பவரை எந்தத் தேர்வும் அளப்பதில்லை. அது உங்களிடம் இருந்தால், பரிந்துரைக் கடிதம் எழுதுகிறவரிடம் அதை எழுதச் சொல்லுங்கள்.

பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது?

பெரிய பதவியில் இருப்பவரிடம் அல்ல, உங்கள் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவரிடம். நெறியாளர் கடிதம் கட்டாயமாக இருக்கும். இன்னொன்று, நீங்கள் வேலை செய்த ஆய்வுப் பண்ணையின் பொறுப்பாளரிடமிருந்து வந்தால் நன்றாக இருக்கும். “கடின உழைப்பாளி, நேர்மையானவர்” என்று மட்டும் சொல்லும் கடிதங்கள் பத்து படித்தால் பத்தும் ஒன்றாகத் தெரியும். “தொற்று ஏற்றிய செடிகளைக் குளிர்சாதனப் பழுதால் இழந்த பிறகு, விதை விதைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்” என்ற ஒரு வரி போதும், ஆள் கண்முன் நிற்பார்.

குறைந்தது மூன்று வாரம் முன்பே கேளுங்கள். கேட்கும்போதே அறிவிப்பையும் உங்கள் அறிக்கையின் வரைவையும் சேர்த்து அனுப்புங்கள்.

ஆய்வு எதிர்பார்த்தபடி போகவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா?

முடிவு மாறியதற்காக யாரும் கேட்க மாட்டார்கள். படிப்பை விட்டுவிட்டாலோ அறிவித்த வேலையைச் செய்யாமலே இருந்தாலோ கேட்க விதி இருக்கலாம். எதிர்பாராத முடிவு வந்தால் அதை அப்படியே எழுதிக் கொடுங்கள். எந்த ஒட்டுண்ணி வேலை செய்யவில்லை என்பதும் அடுத்தவருக்குத் தேவையான தகவல்.

எதிர்பாராதது சில நேரம் பெரிய பரிசாகவும் வரும். கிழக்கு ஆப்பிரிக்காவில் மக்காச்சோளத் தண்டுத் துளைப்பானை விரட்ட, பயிருக்கு இடையில் டெஸ்மோடியம் என்ற பயறுவகைச் செடியையும் வயலைச் சுற்றி நேப்பியர் புல்லையும் வைத்தார்கள். டெஸ்மோடியத்தின் வாசனை துளைப்பானின் தாய் அந்துப்பூச்சியை விலக்கியது, நேப்பியர் தன்பக்கம் இழுத்தது. எதிர்பார்த்தது அவ்வளவுதான். ஆனால் டெஸ்மோடியம் இருந்த இடத்தில் ஸ்ட்ரைகா என்ற ஒட்டுண்ணிக் களையும் காணாமல் போனது. வேரிலிருந்து கசியும் பொருட்கள் களையைத் தடுப்பது பிறகுதான் தெரியவந்தது. பூச்சியை மட்டும் எண்ணிவிட்டுப் போயிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. அதனால்தான் உங்கள் வயல் குறிப்பேட்டில், கேட்காத கேள்விக்கும் ஒரு பத்தி இடம் விடுங்கள் என்கிறேன்.

பணத்தை எதற்கெல்லாம் செலவிடலாம்? வேறு உதவித்தொகையும் வாங்கலாமா?

கல்விக் கட்டணம், வாழ்க்கைச் செலவு, வயல் பயணம், வேதிப்பொருட்கள், மாநாட்டுப் பயணம் என்று அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும். செலவுத் திட்டம் கேட்டால் முழு எண்களாக உருட்டிப் போடாமல் கணக்கிட்டு எழுதுங்கள். எத்தனை பொறி, எத்தனை வாரம், ஒரு முறை போய்வர எவ்வளவு என்று எழுதினால், இந்த வேலையை மனதுக்குள் ஒருமுறை செய்து பார்த்தவர் என்று தெரியும். வேறு உதவித்தொகை இருந்தால் மறைக்காதீர்கள். பல இடங்களில் இரண்டையும் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு, ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் வாங்கக் கூடாது, அவ்வளவே.

கிடைக்கவில்லை என்றால் அடுத்த ஆண்டு மறுபடி போடலாமா?

தகுதி இருக்கும்வரை தாராளமாகப் போடலாம். கருத்துச் சொல்ல முடியுமா என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். எங்கள் குழு கேட்டவர்களுக்குச் சொன்னது. இரண்டாம் முறை வந்த விண்ணப்பத்தில் ஓர் ஆண்டு வயல் தரவு கூடியிருந்தால், அதன் எடையே வேறு. போன ஆண்டு அறிக்கையைத் தேதி மாற்றி மட்டும் அனுப்பாதீர்கள். அதே ஆட்கள்தான் படிக்கிறார்கள்.

கிடைத்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

ஆண்டு இறுதியில் ஓர் அறிக்கை, வெளியிடும் கட்டுரைகளில் நன்றிக் குறிப்பு. சில இடங்களில் ஒரு நினைவு உரை நாளில் பத்து நிமிடம் பேசச் சொல்வார்கள். இவை விதிகள்.

விதியில் இல்லாத ஒன்றையும் செய்யுங்கள். குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், முடிந்தால் கையால். நன்றி என்ற சொல் ஒரு முறை வந்தால் போதும். மீதிப் பக்கத்தில் நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்: எந்த வயல், எந்தப் பூச்சி, இலையைத் திருப்பியபோது என்ன இருந்தது. அவர்கள் பூச்சியியல் படித்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. பல ஆண்டுகள் மாலை நேரத்தில், சேறு படிந்த காலோடு வீட்டுக்குள் வந்து, அன்று என்ன பார்த்தேன் தெரியுமா என்று தொடங்கும் ஒருவரின் பேச்சைக் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள்.